கடன் சங்க மைய மென்பொருட்களின் ஒப்பீடு

கடன் சங்க மைய மென்பொருள் என்பது ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தின் உறுப்பினர் விவரங்கள், சேமிப்புகள், கடன்கள், கணக்கியல் ஆகிய அனைத்தையும் ஓரிடத்தில் பதிந்து பேணும் கணினி முறைமை ஆகும். காசாளர் மேசை, இணையவழிச் சேவை, பண அட்டை, கைபேசிச் செயலி என உறுப்பினர் எந்த வழியாகச் சங்கத்தை அணுகினாலும் இறுதியில் அவரது கணக்கின் இருப்பைக் கூறுவது இம்மென்பொருளே. இக்கட்டுரை பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவில் கிரெடிட் யூனியன் என அழைக்கப்படும் கடன் சங்கங்கள் பயன்படுத்தும் மைய மென்பொருட்களை ஒப்பிடுகிறது. திறந்த மூல மென்பொருட்களும், இந்தியாவின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் கணினிமயமாக்கமும் சுருக்கமாகக் குறிப்பிடப்பட்டுள்ளன.

இம்மென்பொருட்கள் செய்யும் அடிப்படைப் பணிகள் ஏறத்தாழ ஒன்றே. பணம் பெறுதல், பணம் கொடுத்தல், வட்டி கணித்தல், பேரேட்டில் பதிதல் ஆகியவற்றை எல்லா மென்பொருட்களும் செய்கின்றன. அவை வேறுபடும் இடங்கள் வேறு. மென்பொருளின் உடைமையாளர் யார், தரவுகள் எவ்வாறு அடுக்கப்படுகின்றன, அவை எங்கு வைக்கப்படுகின்றன, பிற மென்பொருட்களுடன் எவ்வளவு எளிதாக இணையலாம், சங்கம் விரும்பினால் தன் தரவுகளுடன் வெளியேற முடியுமா என்பனவே அவை. உறுப்பினர்களுக்கே சொந்தமான ஒரு நிறுவனம், தனக்குச் சொந்தமல்லாத ஒரு கணக்கேட்டை நம்பி இயங்குவதால் இவ்வேறுபாடுகள் முக்கியத்துவம் பெறுகின்றன.

கடன் சங்கங்கள்

கடன் சங்கம் என்பது உறுப்பினர்களே உடைமையாளர்களாக உள்ள, இலாப நோக்கமற்ற நிதிக் கூட்டுறவு ஆகும். செருமனியில் பிரீட்ரிக் ரைஃபைசன் 1864இல் எடெசுடோர்ஃப் என்னும் ஊரில் தொடங்கிய சங்கம் இவ்வியக்கத்தின் முன்னோடிகளுள் ஒன்று. வட அமெரிக்காவில் அல்போன்சு டேசார்டான் 1900இல் கனடாவின் லெவி நகரில் முதல் சங்கத்தை நிறுவினார். ஐக்கிய அமெரிக்காவின் முதல் சங்கம் 1908இல் நியூ ஆம்ப்சயர் மாநிலத்தின் மான்செசுட்டர் நகரில் தொடங்கப்பட்டது. பாசுடன் நகர வணிகரான எட்வர்டு ஃபைலீன் 1907இல் இந்தியாவில் பயணம் செய்தபோது வங்காளத்தின் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கண்டார். பின்னர் அவர் அமெரிக்காவில் இவ்வியக்கம் பரவப் பெரிதும் பொருளுதவி செய்தார். 1934இல் கூட்டரசுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது.

அமெரிக்கக் கடன் சங்கங்களின் எண்ணிக்கை 1969இல் 23,000ஐத் தாண்டி உச்சத்தை எட்டியது. அதன் பின்னர் இணைப்புகளின் காரணமாகத் தொடர்ந்து குறைந்து, 2024ஆம் ஆண்டின் முடிவில் கூட்டரசுக் காப்பீடு பெற்ற சங்கங்கள் 4,500க்கும் குறைவாக இருந்தன. ஆயினும் உறுப்பினர் எண்ணிக்கை 14 கோடியைக் கடந்துவிட்டது. சங்கங்கள் குறைந்து உறுப்பினர்கள் பெருகிய இம்மாற்றத்தில் கணினிச் செலவுகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

வங்கிக்கும் கடன் சங்கத்திற்கும் உள்ள வேறுபாடுகள் மென்பொருளிலும் வெளிப்படுகின்றன. உறுப்பினர் வைக்கும் பணம் சட்டப்படி வைப்புத்தொகை அன்று, பங்கு ஆகும். அதற்கு அளிக்கப்படுவது வட்டி அன்று, ஈவுத்தொகை ஆகும். ஒருவர் உறுப்பினராகச் சேர, ஒரே பணியிடம், ஒரே ஊர், ஒரே அமைப்பு போன்ற பொதுப் பிணைப்பு ஒன்று இருத்தல் வேண்டும். ஒவ்வொரு உறுப்பினருக்கும், பங்குத் தொகை எவ்வளவாயினும், ஒரு வாக்கு மட்டுமே உண்டு. எனவே சேரும் தகுதி, உறுப்பினர் நிலை, பங்கு வகைகள் ஆகியவற்றை வங்கிகளுக்காக எழுதப்பட்ட மென்பொருள் அப்படியே கையாள இயலாது. கடன் சங்கங்களுக்கெனத் தனி மென்பொருட்கள் தோன்றியதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

மைய மென்பொருளின் பணிகள்

மைய மென்பொருளின் முதன்மைப் பணிகள் பின்வருமாறு:

- உறுப்பினர் பதிவு: பெயர், முகவரி, அடையாளம், கூட்டு உரிமையாளர், வாரிசு நியமனம் ஆகியவற்றைப் பேணுதல்.
- பங்குக் கணக்குகள்: சேமிப்பு, காசோலை வசதியுள்ள கணக்கு, குறித்த காலச் சான்றிதழ் ஆகியவற்றின் இருப்பையும் ஈவுத்தொகையையும் கணித்தல்.
- கடன்கள்: தவணை அட்டவணை, வட்டி, தாமதக் கட்டணம், ஈடு, பிணையாளர் விவரங்களைப் பேணுதல்.
- பொதுப் பேரேடு: ஒவ்வொரு நடவடிக்கையையும் இரட்டைப் பதிவு முறையில் சங்கத்தின் கணக்கில் சேர்த்தல்.
- வெளித்தொடர்பு: பண அட்டை வலையமைப்பு, மின்னணுப் பணமாற்ற முறை, காசோலைத் தீர்வு, கடன் மதிப்பீட்டு நிறுவனங்கள் ஆகியவற்றுடன் தரவுப் பரிமாற்றம்.
- அறிக்கைகள்: கண்காணிப்பு அமைப்பிற்குக் காலாண்டுதோறும் அளிக்கவேண்டிய 5300 படிவம் உள்ளிட்ட அறிக்கைகளுக்கான எண்களைத் தருதல்.

இப்பணிகள் எளியவையாகத் தோன்றினும் சிறு கணிப்பு விதிகளில் பெரும் வேறுபாடு மறைந்திருக்கலாம். எடுத்துக்காட்டாக, 12,000 டாலர் நிலுவையுள்ள ஒரு கடனுக்கு ஆண்டு வட்டி 6% எனக் கொள்க. உறுப்பினர் 30 நாட்களுக்குப் பின் 300 டாலர் செலுத்துகிறார். ஆண்டிற்கு 365 நாட்கள் எனக் கணித்தால் வட்டி 59.18 டாலர், அசலில் 240.82 டாலர் கழிந்து நிலுவை 11,759.18 டாலர் ஆகும். ஆண்டிற்கு 360 நாட்கள் எனக் கணித்தால் வட்டி 60.00 டாலர், நிலுவை 11,760.00 டாலர் ஆகும். வேறுபாடு 82 சென்ட் மட்டுமே. ஆனால் இத்தகைய 10,000 கடன்கள் இருப்பின் ஒரு மாதத்தில் அது 8,200 டாலராகிறது. கடன் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட விதி ஒன்றாகவும் மென்பொருள் பின்பற்றும் விதி வேறாகவும் இருந்தால், உறுப்பினர்களிடம் தவறான தொகை பெறப்பட்டதாகிவிடும்.

வரலாறு

தொடக்க காலத்தில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஓர் அட்டையும் ஒரு கணக்குப் புத்தகமும் இருந்தன. பெரும்பாலும் ஊதியமின்றிப் பணியாற்றிய பொருளாளர் அவற்றைக் கையால் எழுதினார். பின்னர் கணக்குப் பதியும் இயந்திரங்களும் துளையட்டைக் கருவிகளும் வந்தன.

1960களிலும் 1970களிலும் கணினியின் விலை ஒரு தனிச் சங்கத்தால் தாங்க இயலாததாக இருந்தது. எனவே பல சங்கங்கள் சேர்ந்து ஒரே தரவுச் செயலாக்க மையத்தைப் பயன்படுத்தின. மிச்சிகன் மாநிலத்தில் 1970இல் சங்கங்களே கூட்டாக நிறுவிய மேற்கு மிச்சிகன் கணினிக் கூட்டுறவு இத்தகைய மையங்களுள் ஒன்று. இது பிற்காலத்தில் சியூ ஆன்சர்சு என்னும் பெயரைப் பெற்றது. கடன் சங்கங்களின் தேசிய நிர்வாகமான என்சியூஏ தோற்றுவிக்கப்பட்டதும் 1970ஆம் ஆண்டில்தான்.

1980களில் சிறு கணினிகளின் விலை குறையவே, சங்கங்கள் தம் சொந்த அலுவலகத்திலேயே கணினியை வைத்து இயக்கத் தொடங்கின. 1984இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் சிமிட்டார் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் எபிசிசு மென்பொருள் பெரிய சங்கங்களிடையே பரவியது.

2000க்குப் பின்னர் நிறுவனங்களின் இணைப்பு விரைவடைந்தது. மிசௌரி மாநிலத்தின் ஜாக் என்றி நிறுவனம் 2000இல் சிமிட்டாரை வாங்கியது. விசுகான்சின் மாநிலத்தின் ஃபைசர்வ் நிறுவனம் பல மென்பொருள் நிறுவனங்களை வாங்கியதன் மூலம் போர்ட்டிக்கோ, எக்சுபி2, இசுபெக்ட்ரம் முதலிய மைய மென்பொருட்களைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டது. 2013இல் ஓப்பன் சொலூசன்சு நிறுவனத்தை வாங்கியபோது டிஎன்ஏ மென்பொருளும் அதனிடம் சேர்ந்தது. இதற்கிடையில் 2009இல் சான் டியேகோவில் தொடங்கப்பட்ட கோரிலேசன் நிறுவனம் கீசுடோன் என்னும் புதிய மென்பொருளுடன் போட்டியில் இறங்கியது.

ஒப்பீட்டு அளவுகோல்கள்

உடைமை

மைய மென்பொருட்களை உடைமை அடிப்படையில் மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, பங்குச் சந்தையில் பதிவான பெருநிறுவனங்கள் அல்லது தனியார் நிறுவனங்களின் மென்பொருட்கள். இரண்டாவது, கடன் சங்கங்களே பங்குதாரர்களாக உள்ள சேவை நிறுவனங்களின் மென்பொருட்கள். மூன்றாவது, எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமம் வழங்கும் திறந்த மூல மென்பொருட்கள்.

முதல் வகையில் ஆய்வுக்கும் வளர்ச்சிக்கும் முதலீடு மிகுதி. ஆனால் விலையையும் மென்பொருளின் ஆயுளையும் நிறுவனமே முடிவு செய்கிறது. ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது, ஒரே வேலையைச் செய்யும் பல மென்பொருட்களுள் சிலவற்றின் வளர்ச்சி நின்றுவிடும் வாய்ப்பு உண்டு. இரண்டாவது வகையில் பயனர்களே இயக்குநர் குழுவைத் தெரிவு செய்வதால் அவர்களது குரலுக்கு இடமுண்டு. முதலீட்டு வலு குறைவாக இருக்கலாம். மூன்றாவது வகையில் உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் நிறுவுதல், பராமரித்தல், உள்ளூர்ச் சட்டங்களுக்கேற்ப மாற்றியமைத்தல் ஆகியவற்றுக்குத் திறமையான நிரலாளர்கள் தேவை.

தரவு மாதிரி

பழைய மென்பொருட்கள் பலவும் கணக்கை மையமாகக் கொண்டவை. கணக்கு எண்ணே தலைமைப் பதிவாகும். அதன் கீழ் பெயர், பங்குகள், கடன்கள் ஆகியன அடுக்கப்படும். கையால் எழுதிய அட்டை முறையைப் பின்பற்றியதால் இவ்வமைப்பு இயல்பாகத் தோன்றியது. புதிய மென்பொருட்கள் சில ஆளை மையமாகக் கொண்டவை. ஒருவர் ஒருமுறை மட்டுமே பதியப்படுவார். அவர் எக்கணக்கில் என்ன உறவில் உள்ளார் என்பது தனியே குறிக்கப்படும்.

ஒரு பெண் தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கிறார், மகனின் கணக்கில் கூட்டு உரிமையாளராக உள்ளார், கணவரின் வாகனக் கடனுக்குப் பிணையாளராகவும் உள்ளார் எனக் கொள்வோம். கணக்கை மையமாகக் கொண்ட முறையில் அவரது பெயரும் முகவரியும் மூன்று இடங்களில் பதியப்பட்டிருக்கும். அவர் வீடு மாறினால் மூன்றையும் திருத்தவேண்டும்; ஒன்று விடுபட்டால் பிணையாளருக்கான அறிவிப்பு பழைய முகவரிக்குச் செல்லும். ஆளை மையமாகக் கொண்ட முறையில் ஒரு திருத்தமே போதும். மறுபுறம், கணக்கு எண்ணை மட்டும் அறிந்து பழகிய ஊழியர்களுக்கும் பழைய அறிக்கைகளுக்கும் இரண்டாவது முறை தொடக்கத்தில் கடினமாக இருக்கும்.

இயங்கும் இடம்

மென்பொருளைச் சங்கத்தின் சொந்த வழங்கியில் இயக்குவது ஒரு முறை. நிறுவனத்தின் தரவு மையத்தில் இயக்கிப் பிணையம் வழியாகப் பயன்படுத்துவது மற்றொரு முறை. முதல் முறையில் கட்டுப்பாடு மிகுதி. அதற்கேற்ப வன்பொருள், காப்புப்படி, பேரிடர் மீட்பு, இரவுப் பணி ஆகியவற்றைச் சங்கமே கவனிக்க வேண்டும். இரண்டாவது முறையில் இப்பொறுப்புகள் நிறுவனத்தைச் சேரும். ஆனால் ஒரே மையம் பழுதுபட்டால் அதை நம்பியுள்ள எல்லாச் சங்கங்களும் ஒரே நேரத்தில் முடங்கும். 1970களின் கூட்டுத் தரவு மையங்களும் இன்றைய மேகக் கணிமையும் இவ்வகையில் ஒத்தவை.

செயலாக்க முறை

தொகுதிச் செயலாக்கத்தில் ஒரு நாளின் நடவடிக்கைகள் சேர்த்து வைக்கப்பட்டு இரவில் பதியப்படுகின்றன. நிகழ்நேரச் செயலாக்கத்தில் ஒவ்வொன்றும் நிகழும்போதே பதியப்படுகிறது. ஈவுத்தொகைக் கணிப்பு, தவணை தவறிய கடன்களின் பட்டியல் போன்றவை இன்றும் நாள் முடிவில் செய்யப்படுகின்றன. ஆனால் அமெரிக்க மைய வங்கி 2023 சூலையில் தொடங்கிய ஃபெட்நவ் உடனடிப் பணமாற்றச் சேவை, விடுமுறை நாட்களிலும் நள்ளிரவிலும் இயங்குகிறது. நாள் முடிவுப் பணிக்காகக் கணக்குகளை மூடிவைக்கும் மென்பொருள் இத்தகைய சேவைக்குப் பொருந்தாது. மாற்று ஏற்பாடுகள் தேவைப்படும்.

இடைமுகங்கள்

இணையவழி வங்கிச் சேவை, கடன் விண்ணப்பம், அட்டை மேலாண்மை போன்றவற்றுக்குச் சங்கங்கள் பெரும்பாலும் வேறு நிறுவனங்களின் மென்பொருட்களைப் பயன்படுத்துகின்றன. அவை மைய மென்பொருளுடன் பேச நிரல் இடைமுகம் வேண்டும். எபிசிசின் சிம்எக்சுசேஞ்ச் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி இடைமுகத்தை வைத்திருப்பதால் ஏற்படும் வீண்செலவைக் குறைக்க, சியூஎஃப்எக்சு என்னும் பொதுத் தரவுப் பரிமாற்றச் செந்தரம் கடன் சங்கங்களின் கூட்டமைப்பு வழியாக உருவாக்கப்பட்டது. இடைமுகம் உள்ளதா என்பதோடு, அதைப் பயன்படுத்தத் தனிக்கட்டணம் உண்டா, மூன்றாம் நிறுவனத்திற்கு அனுமதி மறுக்கப்படலாமா என்பனவும் ஒப்பீட்டில் கருதப்படுகின்றன.

கட்டணமும் ஒப்பந்தமும்

கட்டணம் பொதுவாக உறுப்பினர் அல்லது கணக்கு எண்ணிக்கையைப் பொறுத்து அமையும். இதனுடன் கூடுதல் கூறுகளுக்கும் இணைப்புகளுக்கும் தனிக்கட்டணம் உண்டு. ஒப்பந்தங்கள் பல ஆண்டுகளுக்கு நீள்பவை. காலம் முடியுமுன் விலகினாலும், சில ஒப்பந்தங்களில் காலம் முடிந்து விலகினாலும், தரவுகளை எடுத்துத் தருவதற்கு விலகல் கட்டணம் செலுத்தவேண்டும். இரு சங்கங்கள் இணையும்போதும் இக்கட்டணம் குறுக்கிடும். ஏனெனில் இணையும் சங்கத்தின் ஒப்பந்தம் முறிக்கப்படுகிறது. எனவே தொடக்க விலை குறைவான மென்பொருள், மொத்தச் செலவில் குறைவானதாக இருக்கவேண்டும் என்பதில்லை.

முக்கிய மென்பொருட்கள்

எபிசிசு: ஜாக் என்றி நிறுவனத்தின் மென்பொருள். சிமிட்டார் என்ற பெயராலும் அறியப்படுகிறது. கணக்கை மையமாகக் கொண்ட அமைப்புக்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. பவர்ஆன் என்னும் தனி நிரல்மொழி இதன் சிறப்பு. இம்மொழியைப் பயன்படுத்திச் சங்கங்கள் தாமே அறிக்கைகளையும் திரைகளையும் எழுதிக்கொள்கின்றன. அதே வேளையில், ஒரு சங்கம் பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த பவர்ஆன் நிரல்கள் வேறு மென்பொருளில் இயங்கா என்பதால், வெளியேறுவது கடினமாகிறது.

டிஎன்ஏ: ஓப்பன் சொலூசன்சு உருவாக்கி, 2013 முதல் ஃபைசர்வ் வசம் உள்ள மென்பொருள். ஆரக்கிள் தொடர்புசார் தரவுத்தளத்தின் மீது அமைந்தது. ஆளை மையமாகக் கொண்டது. கடன் சங்கங்களோடு வங்கிகளும் இதைப் பயன்படுத்துகின்றன.

போர்ட்டிக்கோ: ஃபைசர்வ் நிறுவனம் தன் தரவு மையத்தில் இயக்கி வழங்கும் மென்பொருள். தனியே கணினிப் பிரிவு வைத்துக்கொள்ள விரும்பாத சங்கங்களை நோக்கியது.

கீசுடோன்: கோரிலேசன் நிறுவனத்தின் மென்பொருள். பழைய மென்பொருளைத் திருத்தாமல் புதிதாக எழுதப்பட்டது. ஆளை மையமாகக் கொண்ட தரவு மாதிரி இதன் முதன்மைக் கூறு.

சியூபேசு: சியூ ஆன்சர்சின் மென்பொருள். ஐபிஎம் ஐ இயங்குதளத்தில் இயங்குவது. வாடிக்கையாளர்களான கடன் சங்கங்களே நிறுவனத்தின் உடைமையாளர்களாக இருக்கலாம் என்பதே பிற மென்பொருட்களிலிருந்து இதனை வேறுபடுத்துகிறது.

அப்பாச்சி ஃபினராக்ட்: கிராமீன் அறக்கட்டளை 2006இல் வெளியிட்ட மைஃபோசு என்னும் சிறுகடன் மென்பொருளில் இருந்து வளர்ந்த திறந்த மூல மென்பொருள். மைஃபோசு 2011இல் தனி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. 2015இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையில் சேர்ந்து, 2017இல் அதன் முதல்நிலைத் திட்டமானது. ஜாவா மொழியில் எழுதப்பட்டது. சேமிப்பு, கடன், பங்கு, கணக்கியல் ஆகிய கூறுகள் உள்ளன. எனினும் ஒவ்வொரு நாட்டின் பணமாற்ற முறைக்கும் ஒழுங்குமுறை அறிக்கைகளுக்கும் உரிய பகுதிகளைப் பயன்படுத்துவோரே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஒப்பீட்டு அட்டவணை

| மென்பொருள் | உடைமை | மூல நிரல் | குறிப்பிடத்தக்க கூறு |
|---|---|---|---|
| எபிசிசு | ஜாக் என்றி | மூடியது | கணக்கு மைய அமைப்பு, பவர்ஆன் மொழி |
| டிஎன்ஏ | ஃபைசர்வ் | மூடியது | ஆள் மைய அமைப்பு, ஆரக்கிள் தரவுத்தளம் |
| போர்ட்டிக்கோ | ஃபைசர்வ் | மூடியது | நிறுவனத்தின் தரவு மையத்தில் இயங்குவது |
| கீசுடோன் | கோரிலேசன் | மூடியது | ஆள் மைய அமைப்பு |
| சியூபேசு | சியூ ஆன்சர்சு (சங்கங்களின் உடைமை) | மூடியது | கூட்டுறவு உடைமை, ஐபிஎம் ஐ இயங்குதளம் |
| ஃபினராக்ட் | அப்பாச்சி அறக்கட்டளை | திறந்தது | உரிமக் கட்டணம் இல்லை |

மென்பொருள் மாற்றம்

ஒரு மைய மென்பொருளில் இருந்து மற்றொன்றுக்கு மாறுவது ஒரு கடன் சங்கம் மேற்கொள்ளும் மிகக் கடினமான பணிகளுள் ஒன்று. திட்டமிடல் பெரும்பாலும் ஓராண்டோ அதற்கு மேலோ நீளும். இறுதி மாற்றம் பொதுவாக ஒரு வாரயிறுதியில் நிகழும்.

முதற்கட்டமாகப் பழைய மென்பொருளின் ஒவ்வொரு புலமும் புதியதில் எங்கு செல்லவேண்டும் எனக் குறிக்கப்படுகிறது. பழைய குறியீடுகள் பலவற்றின் பொருளை அவற்றை ஏற்படுத்திய ஊழியர் மட்டுமே அறிந்திருப்பார் என்பதால் இக்கட்டம் காலம் எடுக்கும். அடுத்து, தரவுகள் சோதனை முறையில் ஏற்றப்பட்டுப் பலமுறை சரிபார்க்கப்படுகின்றன. மொத்த நிலுவை பொருந்தினால் மட்டும் போதாது. ஒரு உறுப்பினருக்கு 10 டாலர் கூடுதலாகவும் மற்றொருவருக்கு 10 டாலர் குறைவாகவும் பதிந்தால் மொத்தம் மாறாது. ஆகவே துணைப் பேரேடுகள் கணக்குவாரியாக ஒப்பிடப்படுகின்றன. வட்டிக் கணிப்பு விதி, கடைசியாக வட்டி கணித்த நாள், அடுத்த தவணை நாள் ஆகியனவும் சரிபார்க்கப்படுகின்றன.

பரிவர்த்தனை வரலாறு முழுவதும் புதிய மென்பொருளுக்குக் கொண்டுசெல்லப்படுவதில்லை. சில ஆண்டுகளின் வரலாறு மட்டும் மாற்றப்பட்டு, எஞ்சியது தனிக் காப்பகத்தில் வைக்கப்படும். பிற்காலத்தில் எழும் பிணக்குகளுக்கு இக்காப்பகமே சான்றாவதால், அதைப் படிக்கும் மென்பொருளும் பேணப்பட வேண்டும்.

பாதுகாப்பும் மேற்பார்வையும்

அமெரிக்காவில் வங்கிகளுக்குச் சேவை வழங்கும் நிறுவனங்களை நேரடியாக ஆய்வு செய்ய, 1962ஆம் ஆண்டின் வங்கிச் சேவை நிறுவனச் சட்டம் வங்கிக் கண்காணிப்பு அமைப்புகளுக்கு அதிகாரம் அளிக்கிறது. கடன் சங்கங்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலை முன்னிட்டு 1998இல் இயற்றப்பட்ட சட்டம், மென்பொருள் நிறுவனங்களை ஆய்வு செய்யும் அதிகாரத்தை என்சியூஏவிற்குத் தற்காலிகமாக வழங்கியது. அது 2001 திசம்பர் 31 அன்று காலாவதியானது. அவ்வதிகாரத்தை மீண்டும் வழங்குவது பற்றிக் காங்கிரசு ஆராயவேண்டும் என அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2015இல் பரிந்துரைத்தது. என்சியூஏவும் இதனைத் தொடர்ந்து வலியுறுத்தி வந்துள்ளது. தனியார் நிறுவனங்கள் மீது கூடுதல் ஒழுங்குமுறைச் சுமையும், அதன் செலவு இறுதியில் சங்கங்களையே சேரும் என்பதும் எதிர்த்தரப்பின் வாதங்கள்.

இக்கேள்வி ஏட்டளவில் நிற்கவில்லை. 2023 நவம்பரில் ஆன்கோயிங் ஆப்பரேசன்சு என்னும் சேவை நிறுவனத்தின் மீது, தரவுகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்கும் ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. இதனால் ஏறத்தாழ 60 கடன் சங்கங்களின் சேவைகள் பல அளவுகளில் தடைப்பட்டன. சிறு சங்கங்களுக்கு மைய மென்பொருள் வழங்கும் ஃபெட்காம்ப் நிறுவனத்தின் சேவையும் இதில் பாதிக்கப்பட்டது. அச்சங்கங்களின் இயக்குநர்கள் அத்தாக்குதலுக்கு உள்ளான நிறுவனத்துடன் நேரடியாக ஒப்பந்தம் செய்திருக்க வேண்டியதில்லை. அவர்களது மென்பொருள் நிறுவனம் அதனைச் சார்ந்திருந்ததே போதுமானதாயிற்று.

சொந்தப் பொறுப்பில் கணினிகளை இயக்கும் பெரிய சங்கங்களும் இத்தகைய தாக்குதலுக்கு விலக்கல்ல. கலிபோர்னியாவின் பட்டெல்கோ கடன் சங்கம் 2024 சூன் 29 அன்று ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. அதன் இணையவழிச் சேவைகள் ஏறத்தாழ இரு வாரங்கள் முடங்கின. 4,50,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் தம் கணக்கின் இருப்பை வழக்கம்போல் அறியமுடியாமல் இருந்தனர். குறிப்பிடத்தக்க கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளை 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவேண்டும் என்னும் என்சியூஏ விதி 2023 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

என்சியூஏவின் பங்குக் காப்பீடு ஓர் உறுப்பினருக்குப் பொதுவாக 2,50,000 டாலர் வரை பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் அது சங்கம் நொடித்துப்போனால் பணத்தைத் திருப்பித் தருவதற்கானது. கணினி முடங்கிய நாட்களில் வாடகை செலுத்தவோ மருந்து வாங்கவோ பணம் எடுக்க இயலாத நிலைக்கு அது தீர்வாகாது.

சிறு சங்கங்களின் நிலை

சில ஊழியர்களை மட்டுமே கொண்ட சங்கமும், பல இலட்சம் உறுப்பினர்களைக் கொண்ட சங்கமும் ஒரே வகைப் பண அட்டை, கைபேசிச் செயலி, பாதுகாப்பு விதிகள் ஆகியவற்றை வழங்கவேண்டியுள்ளது. செலவின் ஒரு பகுதி உறுப்பினர் எண்ணிக்கையைச் சாராத நிலைச் செலவு என்பதால் சிறு சங்கத்தில் ஒவ்வொரு உறுப்பினர் மீதும் விழும் சுமை கூடுகிறது. கணினிச் செலவைத் தாங்க இயலாமை, இணைப்பை நாடும் சிறு சங்கங்கள் கூறும் காரணங்களுள் ஒன்று.

இதற்கு மாற்றாக முன்வைக்கப்படுவது கூட்டு உடைமை. பல சங்கங்கள் சேர்ந்து ஒரே சேவை நிறுவனத்தை நடத்தினால் நிலைச் செலவு பகிரப்படுகிறது. முடிவெடுக்கும் உரிமையும் அவற்றிடமே இருக்கிறது. கூட்டுறவு உடைமை தானாகவே தொழில்நுட்ப மேன்மையைத் தந்துவிடாது என்பதும், முதலீடு தேவைப்படும்போது உடைமைச் சங்கங்களே அதைத் தரவேண்டும் என்பதும் இம்முறையின் வரம்புகள்.

பிற நாடுகள்

கென்யா முதலிய கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் சாக்கோ எனப்படும் சேமிப்பு மற்றும் கடன் கூட்டுறவுகள் பரவலாக உள்ளன. அங்கு உறுப்பினர்கள் பலர் கைபேசிவழிப் பணத்தையே பயன்படுத்துவதால், எம்-பெசா போன்ற சேவைகளுடன் இணையும் திறன் மென்பொருள் தெரிவில் முதன்மை பெறுகிறது. காசோலைத் தீர்வு அங்கு அத்துணை முக்கியமன்று.

இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1904இல் இயற்றப்பட்டது. அதற்கு முன்னரே சென்னை மாகாணத்தில் ஃபிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895, 1897 ஆண்டுகளில் அறிக்கை அளித்திருந்தார். இன்று ஊரக அளவில் இயங்குபவை தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் ஆகும். செயல்பாட்டில் உள்ள ஏறத்தாழ 63,000 சங்கங்களை ஒரே பொது மென்பொருளில் இணைக்கும் திட்டத்திற்கு நடுவண் அமைச்சரவை 2022 சூன் 29 அன்று ஒப்புதல் அளித்தது. இதற்கு 2,516 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. நபார்டு வங்கி செயலாக்கத்தை ஒருங்கிணைக்கிறது. சங்கங்களின் எண்ணிக்கை பின்னர் உயர்த்தப்பட்டது.

அமெரிக்க மென்பொருளை இச்சங்கங்களில் அப்படியே பயன்படுத்த இயலாது. தமிழ்நாட்டில் ஒரு தொடக்கச் சங்கம் பயிர்க்கடனும் நகைக்கடனும் தருவதோடு, உரம் விற்கிறது, நியாயவிலைக் கடையும் நடத்துகிறது. எனவே அதன் மென்பொருள் கடன் தவணையோடு நகையின் எடை, உர மூட்டைகளின் இருப்பு, கடையின் சரக்குக் கணக்கு ஆகியவற்றையும் பேணவேண்டும். பயிர்க்கடனின் தவணை மாதச் சம்பளத்தைப் பின்பற்றாமல் அறுவடையைப் பின்பற்றுகிறது. திரைகளும் பற்றுச்சீட்டுகளும் உறுப்பினர் படிக்கும் மொழியில் இருத்தலும் இன்றியமையாதது.

அமெரிக்காவில் சங்கமே மென்பொருளைத் தெரிவு செய்கிறது. இந்தியத் திட்டத்தில் அரசு பொது மென்பொருளைத் தருகிறது. பொது மென்பொருளால் செலவு குறைகிறது, கணக்கு முறை ஒரே சீராகிறது, தணிக்கை எளிதாகிறது. ஆனால் தனிச் சங்கம் பேரம் பேசவோ மாறவோ இயலாது; ஒரு குறை ஏற்பட்டால் அது எல்லாச் சங்கங்களையும் பாதிக்கும்.

தெரிவு செய்வதில் கருதப்படுபவை

மென்பொருள் நிறுவனங்களின் செயல்விளக்கங்கள் பெரும்பாலும் திரைகளின் அழகையும் வசதிகளின் பட்டியலையும் முன்னிறுத்துகின்றன. ஒப்பீட்டில் அதிக எடை பெறவேண்டியவை என வல்லுநர்கள் குறிப்பிடுபவை பின்வருமாறு:

- சங்கம் கேட்கும்போது முழுத் தரவும் வேறு மென்பொருள் படிக்கக்கூடிய வடிவில், முன்கூட்டியே குறிக்கப்பட்ட கட்டணத்தில் தரப்படுமா?
- நிறுவனம் விற்கப்பட்டாலோ மூடப்பட்டாலோ ஒப்பந்தம் என்ன கூறுகிறது?
- நிறுவனம் சார்ந்திருக்கும் துணைச் சேவை நிறுவனங்கள் எவை?
- மையம் முடங்கினால் எத்தனை மணி நேரத்தில் மீட்கப்படும், அது எப்போது கடைசியாகச் சோதிக்கப்பட்டது?
- ஒத்த அளவுள்ள, அம்மென்பொருளுக்கு அண்மையில் மாறிய சங்கங்களும், அதைவிட்டு விலகிய சங்கங்களும் கூறும் அனுபவம் என்ன?

இவற்றுள் முதல் வினாவே பிறவற்றுக்கு அடிப்படை எனலாம். தன் கணக்கேட்டை எடுத்துக்கொண்டு வெளியேற முடிந்த சங்கம் மட்டுமே விலையைப் பற்றியும் தரத்தைப் பற்றியும் பேரம் பேச இயலும்.

இவற்றையும் பார்க்க

- கூட்டுறவு
- கூட்டுறவுக் கடன் சங்கம்
- இரட்டைப் பதிவு முறை
- தொடர்புசார் தரவுத்தளம்
- திறந்த மூல மென்பொருள்
- நபார்டு வங்கி